நூற்று முப்பத்தோராவது பாட்டு

முத்துவீரன் என் தங்கச்சி ஜெயம்மாவின் புருஷன். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் பன்னிரண்டு வருஷம் கிளீனராகத் தொங்கி, பிறகு அதே லொறியை ஓட்டி, வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில் ஒரு பழைய வேன் வாங்கினான். பின்கதவைத் திறக்க உள்ளே இருக்கிறவர் உதைக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் இன்னும் இரண்டு வேன் ஓடின, இரண்டும் இவனுடையதை விடப் புதுசு. ஆனாலும் பலாங்கொடைக்குப் போகிற பொம்பளைகள் இவன் வேன் வரும்வரை காத்து நின்றார்கள். காரணம் செட்.

முதலில் கேசட் செட்தான் இருந்தது. எங்கள் ரோட்டுக் குலுக்கலுக்கும் தூசிக்கும் மாதம் இரண்டு கேசட்டின் நாடாவை அது தின்றுவிடும். 2007ல் இரத்தினபுரியில் ஒரு பழைய சாமான் கடையில் எம்பி த்ரீ செட் வாங்கி மாட்டினான். ஒரே சீடியில் நூற்றுக்கு மேல் பாட்டு.

"ஏறி எறங்குறதுக்குள்ள ஒரு பாட்டு ரெண்டாந்தடவ வந்தா எனக்குக் காசு குடுக்காதீங்க" என்பான்.

சாவியைத் திருப்பியதும் பாடும். முந்தின நாள் எந்த வரியில் நிறுத்தினானோ அதே வரியில் பிடிக்கும். அதில் அவனுக்கு ஏகப் பெருமை. குறையும் இல்லாமல் இல்லை. பள்ளத்தில் விழுந்தால் விக்கும். எந்தப் பாட்டு ஓடுகிறது என்று பெயர் காட்டாது, வெறும் நம்பர்தான். கண்டவர்கள் அமுக்கி அமுக்கி, பின்னால் போகிற பட்டன் செத்துவிட்டது. முன்னால் மட்டும் போகும். உள்ளே போன சீடி வெளியே வருவதென்றால் அது மனம் வைக்க வேண்டும்.

அடுத்த வருஷம் பலாங்கொடையில் தாஸிம் நானாவின் கடையில் புது சீடி அடிக்கப் போனான். நானும் கூட நின்றேன்.

"நூத்தி இருவது பாட்டு போட்டாச்சு. போதும்தானே?" என்றார் தாஸிம்.

"எடம் இன்னும் இருக்கா நானா?"

"கொஞ்சம் இருக்கு."

"அப்ப ஏன் வெறுமனே விடுறீங்க? ரொப்பிக் குடுங்க."

"என்ன பாட்டு வேணும்டு சொல்லுங்க."

"எதுன்னாலும் சரி நானா. வெறும் தட்டுக்கா நான் காசு குடுக்கிறேன்?"

யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கம்பியூட்டர் ஒன்று அவர் கடையில் இருந்தது. அதில் கிடந்த பாட்டுக்களை ஒரு கொத்தாக இழுத்துப் போட்டார். நூற்று ஐம்பது ஆனது. அவை என்ன பாட்டு என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாலாம் நாள் என் மருமகள், அவன் மகள் கலைச்செல்வியை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிட்னியில் கல். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த ஒப்பரேஷன் திகதி. பத்து மணிக்குள் வார்ட்டில் இருக்க வேண்டும். தவறினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், அதுவரை அவள் தாங்க மாட்டாள். வலி வந்தால் லயத்து வீட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொள்கிற பிள்ளை. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று சொன்னதால் நானும் போனேன்.

கொழும்புப் பக்கம் குண்டு வெடித்திருந்த வாரம் அது. இரத்தினபுரிக்கு இந்தப் பக்கம் பாலத்தடியில் ஆமி செக் பொயின்ட். எட்டு மணிக்கு வரிசையில் நின்றோம். முன்னால் ஆறு வண்டி. செட்டில் நூற்று முப்பது முடிந்து நூற்று முப்பத்தொன்று வந்தது.

மேளம் அடித்தது. ஒரு ஆண் குரல் எழும்பியது. இரண்டாவது வரியிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. இயக்கப் பாட்டு. வடக்கில் சண்டை பிடிக்கிறவர்களின் பாட்டு.

"ஐயோ, நிப்பாட்டுங்க" என்றாள் ஜெயம்மா.

அவன் முன்னால் தள்ளினான். நூற்று முப்பத்திரண்டும் அதே சாதி. அடுத்தது பாட்டுக்கூட இல்லை, பேச்சு. சீடியை வெளியே எடுக்கிற பட்டனை அமுக்கினான். உள்ளே முனகியது, வரவில்லை. ஓஃப் பண்ணினான். சத்தம் நின்றது.

"நிப்பாட்டி என்ன பிரயோசனம் மச்சான்?" என்றான். "இங்க எஞ்சின நிப்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவானுங்க. சாவியத் திருப்புனா தானாப் பாடும். அந்த ஆமிக் கோப்ரல் வேற நான் வரும்போதெல்லாம் தலைய உள்ள விட்டுச் சத்தத்தக் கூட்டுவாரு."

இப்போது யோசித்தால் பத்து வழி தெரிகிறது. அப்போது எனக்கு ஒன்றுதான் வாயில் வந்தது.

"செட்டப் புடுங்கிரு மாப்ள."

சொன்னவன் நான். அவன் கையை டேஷ்போர்டுக்குக் கீழே விட்டு வயர்களைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். பொறி பறந்தது. எஞ்சின் நின்றுவிட்டது. செட் வரவில்லை, வயர்கள்தான் குடல் மாதிரித் தொங்கின. முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்தன. நாங்கள் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

குண்டு வெடித்த வாரத்தில், செக் பொயின்டுக்கு முன்னால், வயர் தொங்குகிற ஒரு வேன் அசையாமல் நின்றால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? துவக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். எங்களை இறக்கிக் கைகளைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். கலைச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முத்துவீரனுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். செட் கெட்டுவிட்டது, கழற்றப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கோப்ரலுக்கு அவனைத் தெரியும், 'முத்து மல்லி', முத்துத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. வயர் வேலை தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டார். அவன் வேனைத் துருவிப் பார்த்து, பியூஸ் மாற்றி, செட்டின் வயர்களை மட்டும் முறுக்கி இணைத்தான்.

"செட் என்றால் பாடட்டும் பார்ப்போம்" என்றார் கோப்ரல்.

பாடியது. ஆனால் முதலாவது பாட்டு, முருகன் பாட்டு. வயர் அறுந்ததில் விட்ட இடம் அதற்கு மறந்துபோயிருந்தது.

கோப்ரலின் முகம் இளகியது. ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைப் பார்த்தார். பொம்பளைகளும் ரத்தம் கொடுக்கிற நானும் போகலாம், வேனும் முத்துவீரனும் ஆமிப் பெரியவர் வந்து பார்க்கும்வரை நிற்க வேண்டும் என்றார். அதுவரை வேனில் யாரும் கை வைக்கக் கூடாது.

"செட்ட நிப்பாட்டிரட்டுமா மாத்தியா? பெட்டரி எறங்கிரும்" என்று முத்துவீரன் சிங்களத்தில் கேட்டான்.

"எங்களிடம் சார்ஜர் இருக்கு. பாடட்டும், எங்களுக்கும் பொழுது போகணும்."

அவரே ஒரு பஸ்ஸை மறித்து எங்களை ஏற்றினார். முத்துவீரன் பஸ் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

"புள்ளையப் பாருங்க மச்சான். நான் எப்படியும் சமாளிச்சுக்குவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப ரெண்டு ஓடுது" என்றான்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வார்ட்டுக்குள் போனோம். எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. ஆனால் ரத்தம் கொடுக்கப் படுத்திருந்தபோது அந்தக் கணக்கை மட்டும் போட்டேன். எட்டரைக்குத் தொடங்கியது. மணிக்குப் பதினாலு பாட்டு. நூற்று முப்பத்தொன்று வர ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். பெரியவர் அதற்கு முன் வந்து வேனை விட்டுவிட்டால் தப்பினான். மழை வரட்டும், இடி விழட்டும், சீடி விக்கி நிற்கட்டும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ஜெயம்மா வார்ட் வாசலுக்கு வந்தாள்.

"இப்ப எத்தனாவது ஓடும்ணே?"

"அம்பது கிட்ட."

"நாளைக்குக் காலையில ஒப்பரேஷனாம். ஒங்க மாப்பிள இல்லாம அவ உள்ள போகமாட்டேங்கிறா." புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். "அவரக் கூட்டிக்கிட்டுத்தான் நீங்க திரும்பி வரணும்."

மூன்று மணிக்குப் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் செக்கிங். பாலத்தடியில் இறங்கும்போது ஐந்து. வேன் அதே இடத்தில் கதவு திறந்தபடி நின்றது. சத்தம் இல்லை. செட் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. முத்துவீரனைக் காணவில்லை.

கோப்ரல் மணல் மூட்டையில் சாய்ந்து நின்றார். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"நாலேகாலுக்குக் கொண்டுபோனார்கள்" என்றார் சிங்களத்தில். "பெரியவர் வந்தார், வேனைச் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். போகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உன் மச்சான் முன்னால் வந்து நின்றான். சீடியில் ஒரு கெட்ட பாட்டு இருக்கு, தெரியாமல் ஏறிவிட்டது, மன்னிச்சுக்கொள்ளுங்கள் என்று அழுதான். நூற்றுப் பத்தோ என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அந்த நம்பரையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று இப்போதுதான் விளங்குது."

"தானாச் சொன்னவன விட்டிருக்கலாமே மாத்தியா."

"சொன்ன பிறகு பெரியவர் எப்படி விடுவார்?" கீழே பார்த்தார். "இங்கே எங்களில் ஒருவனுக்கும் தமிழ் தெரியாது. அந்தப் பாட்டு வந்திருந்தால் அதையும் கேட்டுத் தலையாட்டியிருப்போம்."

எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். இரத்தினபுரிக்குத்தான், பிறகு எங்கே என்று தனக்குத் தெரியாது என்றார். நான் வந்த பஸ்ஸுக்கு எதிரே அந்த ஜீப் போயிருக்கிறது.

ரோட்டைக் கடந்து இரத்தினபுரிப் பக்கம் போய் நின்றேன். பஸ் வந்தது. கொண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "நகின்ன, நகின்ன" என்று ஏறச் சொன்னான். ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதையும் விட்டேன். மூன்றாவது பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார இடம் இருந்தது.