பூனைக்கு ஒத்துக்கொண்ட கஞ்சி

அந்தப் பீங்கான் தட்டு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. உள்ளங்கை அகலம், குழிவான நடு, விளிம்பில் நீலப் பூ, ஓரத்தில் சின்னதாய் ஓர் உடைவு. வெள்ளைக்காரத் துரைசானி சீமைக்குத் திரும்பிப் போகும்போது என்னைப் பெற்ற அய்யாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அவள் வளர்த்த பூனை சாப்பிட்ட தட்டு. அய்யா அதைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து, எஸ்டேட் கூலிகளின் லயத்து வீட்டில் விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். என் அம்மாவுக்கு ஒரு படம் கிடையாது. அவள் கட்டிய சேலையில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. பூனையின் தட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அய்யா பங்களாவில் சமையல்காரர். வண்டன்மேட்டுக்கு மேற்கே, தேயிலையும் ஏலமும் அடுத்தடுத்து நின்ற எஸ்டேட் அது. மதுரைப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிவந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மற்ற ஆண்கள் கவாத்துக் கத்தியோடு மலையேறும்போது அய்யா மட்டும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போவார். அந்தப் பூனை கப்பலில் கூடைக்குள் வந்ததாம். சாம்பல் நிறம், முகத்தில் எப்போதும் ஒரு சலிப்பு. வந்த நாள் முதல் எதையும் தின்னாது, தின்றால் வயிற்றில் நிற்காது. கம்பளத்தில் கக்கி வைக்கும், இல்லாவிட்டால் வயிற்றால் போகும். துரை கத்துவார், துரைசானி அழுவாள். கடைசியில் அய்யாதான் அதன் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

எப்படி ஏற்றுக்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். டின் பால் கொடுத்தார், வயிற்றால் போனது. டின் மீன் கொடுத்தார், கக்கியது. ஆட்டு ஈரலை முகர்ந்து பார்த்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டது. ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்ததை உடனே கொடுக்க மாட்டார். எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்காகப் பொறுத்திருப்பார். இப்படியே பார்த்துப் பார்த்து ஒருநாள் கண்டுபிடித்தார். சீமையிலிருந்து பங்களாவுக்கு டப்பாவில் வந்த, வெள்ளை வெளேரென்ற ஒரு மாவு. அதைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடி போலக் காய்ச்சி, உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியை நூல் நூலாகப் பிய்த்துப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். பூனை வயிற்றில் அது நின்றது.

ஒருநாள் நான் விறகு கொண்டுபோய்ப் போடப் பங்களாவின் பின்வாசலுக்குப் போயிருந்தேன். அய்யா அந்தத் தட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சுண்டு விரலை விட்டுச் சூடு பார்த்தார், ஊதினார், மறுபடியும் விரலை விட்டார். "ராசா, வயித்துக்கு என்னய்யா செய்யுது? மெதுவாத் தின்னு, ஒருத்தரும் புடுங்க மாட்டாக" என்றார். அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. யாரிடம் பேசுகிறார் என்று சுற்றும்முற்றும் பார்த்தேன்.

அதே மாதங்களில்தான் என் அம்மாவுக்கும் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. எஸ்டேட்டில் அளந்த அரிசி மொத்தரிசி, பாதி கல், பாதி உமி. அதற்கு மேல் காரக் குழம்பு. பங்களாவில் உப்புச்சப்பில்லாமல் சமைத்துச் சமைத்து நாக்குச் செத்துப் போச்சு என்று அய்யாவுக்கு வீட்டில் மிளகாய் தூக்கலாக வேண்டும். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு மிளகாய் அரைப்பாள், குழம்பு வைப்பாள், அவருக்குப் போடுவாள். தான் ஒரு வாய் வைத்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு லயத்துக்குப் பின்னால் ஓடுவாள். மறுநாள் காலையில் நீராகாரத்தைக் குடித்துவிட்டு மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டுவாள். எஸ்டேட் மருந்துக்காரர் ஒரு கசப்புத் தண்ணீரைக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தார். அய்யா சொன்னது இதுதான்: "அவளுக்கு நாக்கு கேக்குது. ருசியாக் கெடைக்கலன்னு வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா." பூனை தின்னாவிட்டால் அதற்கு உடம்புக்கு ஆகவில்லை. அம்மா தின்னாவிட்டால் அவளுக்குக் கொழுப்பு.

பூனைக்குக் கஞ்சி ஒத்துக்கொண்ட அன்று அய்யா சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னார். துரைசானி கையைத் தட்டியது, துரை தோளில் தட்டியது, பூனை தட்டை நக்கிவிட்டு அவர் காலில் உரசியது. அம்மா முன்னால் சோறு ஆறிக் கிடந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாவம், அதுக்குச் சேந்துருச்சே" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்: "அந்தக் கஞ்சி எனக்கும் ஒரு வாய் கெடைக்குமா?"

அய்யாவின் முகம் மாறிவிட்டது. "அது பங்களாச் சாமான். கை வச்சா நாளைக்கு வேல இருக்காது" என்றார். அதோடு விட்டாரா? "பூனை வாயில்லா சீவன் புள்ள. ஒனக்கு என்ன கேடு? வாயிருக்கு, கையிருக்கு, வேணுங்கிறத ஆக்கித் தின்னு" என்றார். அம்மா எழுந்துபோய்ச் சோற்றைப் பானையில் கொட்டினாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

ஆடி மழையில் அம்மா போய்விட்டாள். கடைசியில் தண்ணீரும் தங்கவில்லை. தூக்கினவர்கள், கூடையைவிடக் கனம் குறைவு என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அய்யா அன்று பங்களாவுக்குப் போகவில்லை, மறுநாள் போனார். திரும்பி வந்து, "நா இல்லாம நேத்துப் பூரா பூனை பட்டினியாம். வேற யார் கையிலயும் திங்கலியாம்" என்றார். அப்போதுதான் அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். அந்தக் கண்ணீர் அம்மாவுக்கானது என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள் லயத்துப் பெண்கள். நான் நினைத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை இல்லை.

கல்யாணமாகி வண்டன்மேட்டுக்கு வந்தேன். என் மூத்த பிள்ளை வயிற்றோட்டம் கண்டு துவண்டு கிடந்தபோது, பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அதே வெள்ளை மாவு. கரைத்தாள், காய்ச்சினாள், கண்ணாடி போல வந்தது. இது சீமைச் சாமானாயிற்றே, எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு என்னைக் கொல்லைக்கு இழுத்துப்போய் ஓடையோரம் வாழைக்கன்று மாதிரி நின்ற செடியைக் காட்டினாள். கூவைக்கிழங்கு. தோண்டி, துருவி, கசப்புப் போகும் வரை தண்ணீர் மாற்றித் தெளியவைத்து, அடியில் தங்குவதைக் காயவைத்தால் மாவு. காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடையோரம் பூராவும் அந்தச் செடிதான். சின்ன வயதில் அதன் இலையைத்தான் மழைக்குத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடுவோம். அம்மா வாந்தி எடுக்க ஓடிப்போய் நின்றதும் அந்தச் செடிகளுக்கு நடுவில்தான்.

பிள்ளைக்குச் சரியானதும் அய்யாவைப் பார்க்கப் போனேன். ஓடையில் இறங்கிக் கிழங்கைப் பிடுங்கி, மண்ணோடு கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். அவர் எடுத்துப் பார்த்தார், மண்ணைத் தட்டினார். "கூவ. இத இப்பத் தோண்டக் கூடாது. எல பழுத்துக் காயணும், அப்பத்தான் மாவு விழும்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. விளக்கு மாடத்தில் பூனையின் தட்டு இருந்தது.

இப்போது அய்யா என் வீட்டில் படுத்திருக்கிறார். துரை போய், வேலை போய், பல் போய், இப்போது அவருக்கும் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. தட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். நானும் இலை பழுக்கும்வரை பொறுத்திருந்து கூவை தோண்டுகிறேன், தண்ணீர் மாற்றுகிறேன், காய்ச்சுகிறேன். அந்தப் பீங்கான் தட்டில்தான் ஊற்றுகிறேன். வேறு பாத்திரம் இல்லாமல் இல்லை. வேண்டுமென்றுதான். முதல் நாள் அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்தார். சூடு சரியாக இருக்கிறதா என்று நான் விரலை விட்டுப் பார்க்கிறேனே, அந்த வித்தையை எங்கே கற்றேன் என்பது அவருக்கும் தெரியும்.

இன்று காலை பாதி குடித்துவிட்டு நிறுத்தினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தார். பிறகு கேட்டார்: "ஒங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

அம்மா போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இந்த ஒரு கேள்வியை அன்று அவளிடம் கேட்டிருந்தால், கஞ்சிகூட வேண்டாம், கேட்டதே போதும் என்று அவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

"பூனைகிட்ட தெனமும் கேட்டீங்களேய்யா" என்றேன். "அதுக்குப் பதில் சொல்லத் தெரியாது. அவ சொல்லியிருப்பா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. மீதிக் கஞ்சியில் ஆடை படிந்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். மத்தியானம் மறுபடியும் அதில்தான் ஊற்ற வேண்டும்.