குப்பிக்குள் இருந்தது

மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. சேலம் சூரமங்கலத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் பைக்கில் போய்விடுவேன். ரத்தம், சீழ் எதற்கும் முகம் சுளிக்காதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. புதுச்சத்திரம் தாண்டி ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன காலையில் அது போயிற்று.

"மயக்க மெஷின்ல நெம்பரே வர மாட்டேங்குதுங்க" என்று ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் போனில் சொல்லியிருந்தார்.

மயக்க வாயு ஒருவருக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அவர் வெளியே விடும் மூச்சை வைத்துத்தான் அளக்கிறார்கள். மெல்லிய டியூப் ஒன்று அந்த மூச்சில் கொஞ்சத்தை உறிஞ்சி மானிட்டருக்குக் கொண்டுபோகும். மூச்சின் ஈரம் உள்ளே போய்விடாமல் தேக்கி வைக்க, வழியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி. அதைக் கழற்றினேன்.

உள்ளே பச்சையும் பழுப்புமாகக் கூழ். மேலே ஆடை படிந்திருந்தது. கோழிப்பண்ணையில் செத்த கோழிகளைப் போடும் குழிப் பக்கமிருந்து காற்றடித்தால் ஒரு நாற்றம் வருமே, அது முகக்கவசத்தைத் தாண்டி வந்தது. டியூபை வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே சளி காய்ந்து ஒட்டியிருந்தது. ஓர் ஆளுக்குப் போட்டதும் எறிய வேண்டிய டியூப்.

"சிஸ்டர், இத எப்ப மாத்துனீங்க?"

"மாத்தறதில்லீங்க. ஸ்பிரிட் உட்டுக் கழுவித் தொங்க உட்டுருவோம்."

"எத்தன நாளா நெம்பர் வர்லீங்க?"

"ஒரு மாசமிருக்கும். அலாரம் கத்திக்கிட்டே கெடக்குதுன்னு சத்தத்த அமத்தி வெச்சிருக்கறோமுங்க. மயக்கங் குடுக்கற டாக்டருங்க நாளைக்கொருத்தரு வாராங்க, கேஸ முடிச்சுட்டுப் போயிர்றாங்க."

மருத்துவமனையின் முதலாளியான சர்ஜன் உள்ளே வந்தார். என் கையிலிருந்த டியூபைப் பார்த்தார்.

"அடச்சுக்கிச்சா? வாயில வெச்சு ஒரு ஊது ஊதி மாட்டி உடப்பா. கேஸ் காத்திருக்குது."

எத்தனையோ பேருடைய சளி. வயிற்றிலிருந்து புளிப்பாக ஏதோ தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். விழுங்கியதை நினைத்து மறுபடியும் குமட்டியது.

அவரைத் திட்ட வாயெடுத்தபோதுதான் மானிட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சர்வீஸ் சீட்டு கண்ணில் பட்டது. ஆறு மாதத்துக்கு முந்தையது. கையெழுத்து என்னுடையது. அன்று திரையில் நெம்பர் ஓடியதை மட்டும் பார்த்துவிட்டு, குப்பியைத் திறக்காமலே எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்திருந்தேன். அவர்கள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தது ஞாபகம் வந்தது.

வெளியே, குடலிறக்க ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் குப்பியோடு நான் வருவதைப் பார்த்து, "ஏனுஞ்சாமி, ஒரு வாய் தண்ணி குடிக்கலாமுங்களா?" என்று கேட்டார். என்னையும் டாக்டர் என்று நினைத்துவிட்டார்.

அன்றைய மயக்க டாக்டர் அப்போதுதான் காரிலிருந்து இறங்கினார். சேலத்திலிருந்து முதல் தடவையாக அங்கே வரும் பெண். சர்ஜன் பின்னாலேயே வந்து நின்றது தெரிந்தும் எல்லாவற்றையும் சொன்னேன். என் டிக்கையும் சொன்னேன். மயக்க டாக்டர் குப்பியை வாங்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"புதுசு வர்ற வரைக்கும் நான் யாருக்கும் மயக்கங் குடுக்க மாட்டேன் சார்" என்றார் சர்ஜனிடம்.

சேலத்துக்கு வண்டியை விரட்டிப் போய்ப் புதுக் குப்பியும் ஒரு பெட்டி டியூபும் வாங்கிவந்து மாட்டினேன். நானே அதில் மூச்சு விட்டுச் சோதித்தேன். மதியத்துக்கு மேல் அந்தப் பெரியவருக்கு ஆபரேஷன் நடந்தது. திரையில் நெம்பர் ஒழுங்காக ஓடியது. சர்ஜன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அங்கிருந்து யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை.

அன்று நான் பைக்கை எடுக்கும்போது நர்ஸ் வாசல் வரை வந்தார்.

"போன வாரம் ஒரு பொம்பளைக்கு மயக்கங் குடுத்துக் கட்டி எடுத்தாங்க. கத்தி வெக்கறப்ப நீங்க பேசுனதெல்லாம் எங்காதுல உழுந்துச்சுன்னு அழுதுச்சுங்க. நீ கனாக் கண்டிருப்பேன்னு சொல்லி ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"எந்த ஊருங்க?"

"ஆட்டையாம்பட்டி."

கொஞ்ச தூரம் போனதும் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி வாந்தியெடுத்தேன். குப்பியை நினைத்து அல்ல.

மாதத்தில் இரண்டு முறையாவது ஆட்டையாம்பட்டி வழியாகப் போகிறேன். இதுவரை இறங்கி விசாரித்ததில்லை.