ஏழாவது குழாய்

சும்மா உட்காரத் தெரியாதவன் நான். எழுபதுகளின் நடுவில் பாளையம்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கரண்ட் இல்லாத மத்தியானங்களில் கடைக்குள் இருக்கவும் முடியாது. யாராவது தன் ரேடியோவைத் திருப்பிக் கேட்டு வந்துவிடுவார்களோ என்ற பயம். செத்துப்போன ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கழற்றிக் கயிற்றில் கட்டினேன். திருச்சுழிப் பக்கம் என் சொந்த ஊருக்குச் சைக்கிளை மிதித்து, வறண்டு வெடித்த கண்மாய்க்குள் அதை இழுத்துக்கொண்டு நடந்தேன். கயிறு இருக்கிறது, நாய் எங்கே என்று ஆடு மேய்ப்பவர் கேட்டார்.

மூன்று நாளில் கிடைத்தவை லாடத் துண்டுகள், ஆணிகள், ஒரு பெடல். நாலாம் நாள் மதகுக்குப் பக்கத்தில், ஒரு வெடிப்புக்குள் இறங்கிய காந்தம் மேலே வரமாட்டேன் என்றது. தோண்டினேன். டம்ளர் மாதிரி ஒன்று. இரும்பு, கை வலிக்கிற கனம், விரல் தடிப்பு. உள்ளே மண் இறுகிக் கிடந்தது. அடிப்பக்கம் ஓரமாகச் சின்னதாய் ஒரு துவாரம்.

அன்று இரவு தூங்கவில்லை. காலையில் டீக்கடையில் அதை வைத்து, பாண்டிய ராஜா தண்ணீர் குடித்தது என்றேன்.

"ஏலே, ராசா ஓட்ட டம்ளர்லயா குடிச்சாரு?" என்றார் டீ ஆற்றியவர்.

ராஜாவைக் கைவிட்டேன். மத்தியானத்துக்குள் அது சித்த வைத்தியர் மருந்து இடித்த பாத்திரம் ஆகிவிட்டது. சாறு வடியத்தான் துவாரம். இவ்வளவு பொருத்தமாக நான் அதுவரை பொய் சொன்னதில்லை, நானே நம்பிவிட்டேன். கடைக்குக் கொண்டுவந்து உளியால் குடைந்தேன். மண்ணுக்குக் கீழே செங்கல்பொடி கெட்டியாக இருந்தது. பாதி தோண்டி, மீதி காயட்டும் என்று கரி அடுப்பின் ஓரத்தில் வைத்தேன். கரண்ட் இல்லாதபோது ஈயம் பற்றவைக்கிற கம்பியைச் சுட வைக்கிற அடுப்பு அது.

அந்த அடுப்புக்குக் கரி கொண்டு வருபவர் என் ஊர்க்காரர். முன்பு அம்மன் பொங்கலுக்கு வேட்டுப் போட்டவர். கண்மாய்க் கரையில் ஏழு இரும்புக் குழாய்களை நட்டு அவர் தீ வைக்க, ஊரே சத்தமாக எண்ணும். ஒரு வருஷம் ஆறோடு நின்றது. ஒரு குழாயைக் காணோம். பக்கத்துக் குழாய் உதைத்ததில் தண்ணீருக்குள் போய்விட்டது என்றார். கண்மாயில் அப்போது கரை முட்டத் தண்ணீர் கிடந்தது. இறங்கித் தேட ஆளில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார் என்று ஊர் பேசியது. பேச்சோடு விட்டிருக்கலாம். அவருக்குக் 'குழாய் முழுங்கி' என்று பெயர் வைத்தது நான்தான். அது ஒட்டிக்கொண்டது. அவர் வேட்டுப் போடுவதை விட்டார், கோயிலுக்கு வருவதையும் விட்டார், கரி சுடப் போனார். என்னிடம் கரி கொடுப்பார், பேசமாட்டார்.

அன்றைக்கு மூட்டையை இறக்கியவர் அடுப்போரம் பார்த்தார்.

"உள்ள மருந்து இருக்கு, தம்பி" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதைத்தானே மத்தியானத்திலிருந்து சொல்கிறேன், வைத்தியர் பாத்திரம் என்றேன். அவர் துண்டால் அதைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். அது வேட்டுக் குழாய், அவர் சொன்னது வேட்டு மருந்து என்று எனக்கு உறைத்தபோது நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன்.

மெல்ல உள்ளே வந்தேன். எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். குழாயை எடுத்து, மீதியிருந்த செங்கல்பொடியை விரலால் தடவினார்.

"மருந்துக்கு மேல நான் அடைச்ச பொடி. வெடிச்ச குழாயில இது இருக்குமா? வெடிக்காமத்தான் தண்ணிக்குள்ள போச்சு. அன்னைக்கே சொன்னேன், நீதான் சிரிச்ச."

மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? பேரு வச்சவனே ஊரு முன்னால வந்து அந்தப் பேர எடு."

அம்மன் பொங்கல் வந்தது. கோயில் முன்னால் எல்லோரும் கூடியிருக்கையில் எழுந்து, குழாயை இவர் விற்கவில்லை, தண்ணீருக்குள்தான் கிடந்தது என்றேன். ஊர் சிரித்தது. நான் எதைச் சொன்னாலும் சிரித்துப் பழகிய ஊர். சத்தியம் பண்ணினேன், இன்னும் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அதற்குத்தான் சிரிப்பு நின்றது. குழாயைக் கோயில் பெரியவர்களிடம் கொடுத்தேன். பொடியைச் சுரண்டிப் பார்த்தார்கள், மற்ற ஆறு குழாய்களோடு வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். மூத்தவர் ஒருவர் எழுந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்றவரிடம் போய், "வாங்க, வந்து வேட்டுப் போடுங்க" என்றார்.

ஆறு குழாய்க்கு அவர் தீ வைத்தார். ஏழாவதற்குத் தீக்கம்பை என்னிடம் நீட்டினார். நான் வைத்துவிட்டு ஓடிய ஓட்டத்தில் வேட்டி கரையிலேயே நின்றுவிட்டது. "ஏழு" என்று ஊர் எண்ணியது. அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவரை யாரும் முழுங்கி என்று கூப்பிடவில்லை. ஊருக்குப் போனால், பாத்திரக் கதை கேட்டவர்கள் என்னைத்தான் 'வைத்தியரே' என்கிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.