கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு புட்டி ஷார்டொனே

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கத்திரி வெயிலில், கரிக்கலாம்பாக்கம் போக வேண்டி வந்தது. புதுச்சேரியில் ஒயின் கடையொன்றில் ருசி பார்த்துத் தரம் சொல்வது என் வேலை. கரிக்கலாம்பாக்கத்து நிலக்காரர் அப்பாசாமி எங்களிடம் பிரான்சிலிருந்து வந்த ஷார்டொனே வாங்கியிருந்தார். அந்த வெள்ளைத் திராட்சை ஒயின் வெறும் தண்ணீராக இருக்கிறது என்று ஆள் அனுப்பியிருந்தார். முதலாளி என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

காலை ரயிலில் வில்லியனூர் அரை மணிப் பயணம்தான். ஸ்டேஷன் வாசலில் மாட்டுவண்டி கிடைக்கும். தெற்கே பத்து கிலோமீட்டர் இருக்கும். ஒரு ரூபாய் கேட்ட வண்டிக்காரர் முக்கால் ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். குடை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பாதி வழியில்தான் வண்டிக்காரர் விஷயத்தைச் சொன்னார். புட்டிகளைப் புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்தவர் அப்பாசாமியின் தங்கை புருஷன் நடேசன். வழியில் அவர் குடித்துவிட்டுத் தண்ணீர் கலந்துவிட்டதாக விருந்தாளிகள் முன்னாலேயே அப்பாசாமி சொல்லிவிட்டாராம். தங்கை தனம் புருஷனோடு வீட்டைவிட்டுப் புறப்படத் தயாராம். ஒயின் மோசமென்றால் எங்கள் கடை பெயர் போகும். நன்றாக இருந்தும் என்னால் நிரூபிக்க முடியாவிட்டால் ஒரு குடும்பம் போகும்.

கூடத்தில் உமி நிரப்பிய பெட்டியில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே புட்டிகள் கிடந்தன. நடேசன் தூணோரம் நின்றிருந்தார். அரக்கு முத்திரை கலையவில்லை என்று காட்டினேன்.

"அரக்கு உருக்க எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் அப்பாசாமி.

ஒரு புட்டியைத் திறந்து ஊற்றினேன். கண்ணாடிக் கிளாஸில் பனி பூத்தது. முகர்ந்தேன், ஒன்றுமில்லை. குடித்தேன், நாக்கு மரத்ததுதான் மிச்சம். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை நேரமாக ஐஸில் இருக்கிறது என்று கேட்டேன். நேற்று ராத்திரியிலிருந்து என்றார்கள். அப்போதுதான் உயிர் வந்தது: அளவு மீறிக் குளிர்ந்தால் ஒயினின் மணமும் ருசியும் அடங்கிப்போகும். கிளாஸை இரண்டு உள்ளங்கையிலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பாசாமி இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தார். மெல்ல மெல்ல மணம் கிளம்பியது: முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு உருக்கும் வெண்ணெய், கடைசியில் வறுத்த முந்திரி. வாயில் வைத்தால் லேசான புளிப்போடு வழுவழுவென்று இறங்கி, விழுங்கிய பிறகும் நெடுநேரம் நின்றது. அத்தனை நல்ல ஷார்டொனேயை அந்த வருஷம் நான் குடித்ததில்லை.

கிளாஸை அப்பாசாமியிடம் நீட்டினேன். குடித்தவர் தலையைத் தூக்கவில்லை. பிறகு, மாப்பிள்ளைக்கும் ஒரு கிளாஸ் கொடுக்கும்படி வேலைக்காரரிடம் முணுமுணுத்தார்.

தனம் குறுக்கே வந்து நின்றாள். "அண்ணே, உன் கையால குடுத்தா குடிப்பாரு. இல்லனா நாங்க கெளம்புறோம்."

அப்பாசாமி எழுந்தார். அவரே ஊற்றினார், தரையிலும் கொஞ்சம் சிந்தியது. நடேசன் வாங்கி, சாராயம் மாதிரி ஒரே மடக்கில் குடித்து முடித்தார். அப்படிக் குடிக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பக்கம் புட்டியோடு போகிறவர்கள், நடுநடுவே குறுக்கிடும் இங்கிலீஷ்காரர் எல்லைக்குள் நுழையாமல் வண்டியை ஓட்டச் சொல்லுங்கள்; நுழைந்தால் புட்டிக்குச் சுங்கம் கேட்பார்கள். வெயில் ஏறுமுன் ஊர் சேருங்கள். ஐஸில் வைத்ததை எடுத்துக் கால் மணி நேரமாவது காத்திருங்கள். அதுவரை யாரையும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.