சென்னிமலைக்கு வைத்த கல்

கோவிந்தாபுரத்தில் அறுபது கோடி வயதானவருக்குக் கருமாதி நடந்திருக்கிறது. எந்த ஊர்க்காரராவது இதற்கு மேல் சொல்லட்டும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். செத்துப்போன சென்னிமலைக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. அறுபது கோடி என்பது அவருக்காக வைத்த கல்லின் வயது, அதுவும் ஒரு காலேஜ் வாத்தியார் உத்தேசமாகச் சொன்னது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் நடந்தது. செத்தவரை ஒரு கல்லில் இருத்தி, கருமாதி வரை தினமும் சோறு வைத்து, கடைசியில் தண்ணீரில் விடுவது வழக்கம். ஆற்றிலிருந்து கல் எடுத்துவரப் போன சென்னிமலையின் தம்பி நஞ்சப்பன், வெயிலுக்குச் சலித்து, பக்கத்து வீட்டு மூசாவின் கல்கடைக்கு வெளியே கிடந்த கடப்பாக்கல் துண்டைத் தூக்கி வந்துவிட்டான். இழவு வீட்டில் யார் கல்லைப் பார்க்கிறார்கள்? சென்னிமலையின் மனைவி காளியாத்தாள் பார்த்தாள். வளையலுக்குள் வளையல் வைத்து அழுத்தினாற்போல அதில் ஒரு தடம் இருந்தது. பார்த்தாளே தவிர ஒன்றும் தோன்றவில்லை. புருஷன் போனதிலிருந்தே அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. ஒப்பாரி அடுத்த ஊர் இழவிலிருந்து வருவது போலக் கேட்டது. எருமைக்குத் தவிடு கரைத்தாள், கல்லுக்குச் சோறு வைத்தாள். இரண்டும் ஒரே வேலையாக இருந்தது. அவர் முகத்தை நினைத்துப் பார்த்தால் கொடியில் காயும் வேட்டிதான் வந்தது. அவரைக் கரை சேர்ப்பது ஒன்றுதான் பாக்கி என்று மட்டும் தெரிந்தது.

கருமாதியன்று எல்லோரும் வாய்க்கால் கரையில் நிற்க, அந்தக் காலேஜ் வாத்தியார் மூச்சிரைக்க வந்தார். அந்தத் துண்டை எடுத்து வைக்கும்படி மூசாவிடம் முன்பே சொல்லிப் போனவர் அவர்தான். ஓடும் எலும்பும் உள்ள பிராணிகள் தோன்றுவதற்கு முன்னால் கடலடியில் கிடந்த ஏதோ ஒன்றின் தடமாக இருக்கலாம் என்றார். பிராணியா, செடியா, இரண்டுமில்லாததா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதாம். வேறு கல் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கெஞ்சினார். சோம்பல் வெளிப்பட்ட வெட்கத்தில் நஞ்சப்பன், கொடுத்துவிடலாம் என்றான்.

"ஏனுங்க, அது என்னத்தத் திங்கும்?" என்றாள் காளியாத்தாள்.

"வாயும் இல்லைங்கம்மா, வயிறும் இல்லை. எப்படிப் பொழைச்சுதுன்னே தெரியல."

இத்தனை நாளும் வைத்த சோற்றைக் காக்கைதான் தின்றிருந்தது. கல்லை வாங்கி வாத்தியாரிடம் கொடுக்க நஞ்சப்பன் கை நீட்டினான். முறைப்படி கல்லைத் தண்ணீரில் விட வேண்டியவனும் அவன்தான். அவள் கொடுக்கவில்லை, மடியோடு அணைத்துக்கொண்டு தானே வாய்க்காலில் இறங்கினாள். கரையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கல்லை விட்டாள். அது சேற்றில் அமிழ்ந்தது பாதத்தில் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

வாத்தியார் கோபப்படவில்லை. ஏனம்மா இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருந்தவரைக்கும் எங்கிட்ட இது வேணும், அது வேணும்னு ஒண்ணும் கேட்டதில்லீங்க. இதையாச்சும் நாஞ் செஞ்சாகோணுமில்லீங்களா."

அவளுடைய ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த மூசாவின் மனைவி பீவி நிமிர்ந்தாள்.

"கேட்டதில்லையா? ஏனக்கா, ரசத்துல உப்புக் கொறஞ்சா அவரு போடற சத்தம் ஊரெல்லைச் செக்போஸ்ட் தாண்டிக் கேக்குமே. எத்தன நாளு நானே உப்பு எடுத்துட்டு ஓடியாந்திருக்கேன்."