தழும்பு தெரியாத படம்

போர்க்காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் படம் வேண்டும். மற்றவர்கள் வெளிநாட்டில் பேசியிருக்கும் கலியாணத்துக்கு அனுப்ப எடுப்பார்கள். வெறும் ஃப்ளாஷில் எடுத்தால் முகம் எண்ணெய் வழிவதுபோல மினுங்கும், பின்சுவரில் கறுப்பாக நிழல் விழும். "பொலிஸில பிடிச்சு வச்சு எடுத்த மாதிரிக் கிடக்கு" என்று ஒரு பெண் படத்தைத் திருப்பித் தந்துவிட்டாள்.

அதனால் ஃப்ளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசர் ஒன்று வாங்கப் புறக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஃப்ளாஷின் தலையில் மாட்டும் பிளாஸ்டிக் மூடி. மற்றது வெள்ளைத்துணி போர்த்திய பெரிய பெட்டி. இரண்டிலும் எடுத்த தன்னுடைய படங்களையே காட்டினார். மூடி போட்டதில் அவருடைய அம்மைத் தழும்புகள் எண்ணிவிடலாம்போல இருந்தன. பெட்டியில் எடுத்ததில் பத்து வயது குறைந்திருந்தார்.

"இத எடுங்க, ஒரு குறையும் தெரியாது."

பெட்டியை வாங்கினேன்.

அந்த மாதமே கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அக்காவும் தம்பியும் வந்தார்கள். தம்பி துறைமுகத்தில் கிளார்க். கனடாவில் பெண் பேசியிருந்தார்கள். அவனுடைய இடது கன்னத்தில், வாயோரமாக ஒரு தழும்பு.

"அண்ணா, இத மறைக்க ஏலுமா?" என்றாள் அக்கா.

பெட்டியை அவன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். தழும்பு போய்விட்டது. படத்தைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு.

மூன்று கிழமை கழித்து அவள் தனியாக வந்தாள். வேலைக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் அவனை பஸ்ஸிலிருந்து இறக்கினார்களாம். பிறகு ஆளே இல்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதியவர் அங்க அடையாளம் கேட்டாராம். கன்னத்தில் தழும்பு என்று சொல்லி இந்தப் படத்தை நீட்டியிருக்கிறாள்.

"படத்தில ஒண்டையும் காணேல்ல, பொய் சொல்றியா எண்டு கேட்டாங்கள் அண்ணா."

"வேற படம் இல்லையா?"

"அடையாள அட்டையில இருந்தது. அது அவனோட போயிட்டுது."

நான்கு நெகடிவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. கடைசியில் படத்தின் பிரதியிலேயே தழும்பைக் கீற ரீட்டச் பென்சிலை எடுத்தேன். அவள் தன் கன்னத்தில் விரலால் இழுத்துக் காட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ. வளைஞ்சு வரும்."

இரண்டு பிரதிகள் பழுதாகிப்போயின. மூன்றாவதைப் பார்த்து, "ஓம், அவன்தான்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். அதே மாதிரி ஆறு கீறிக் கொடுத்தேன்.

பெட்டியை நான் எறியவில்லை. சனம் அதைத்தான் கேட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொருவரையும் துணி இல்லாமலும் ஒருதரம் எடுத்து, நெகடிவைத் தனியாக வைத்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் ஃபிலிம் மிஞ்சிவிட்டது என்றேன்.

ஒரு வருஷம் கழித்து அவளை பஸ்ஸில் கண்டேன். நன்றாக மெலிந்திருந்தாள்.

"ஏதும் தகவல்?"

"இல்லை அண்ணா. இன்னும் தேடுறம்."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.