பங்குக் கிணற்றுத் தொடர்கதை

திங்கள் முதல் வெள்ளி வரை ஜெகதீஸ்வரன் தமிழாசிரியர். சனிக்கிழமை மதியம் மட்டும்தான் அவர் மனிதர். இதை அவரே சொல்லிக்கொள்வார், அவர் மனைவி சத்யபிரியாவும் மறுத்ததில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் விடியும் முன் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணைக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவே நின்ற ஒரு தனியார் பள்ளிக்கு அவர் போய் வந்தார். ஐந்து நாளும் சம்பளத்துக்காகப் போனார். ஆறாம் நாள் யாராவது ஒரு நல்ல வரி எழுதிவிட மாட்டார்களா என்ற நப்பாசையில் போனார்.

பள்ளித் தாளாளர் சென்னியப்பன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளில் சம்பாதித்து மேலே வந்தவர். எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டுப் பழகிய வாய், இப்போது எத்தனை பேருக்கு மெடிக்கல் சீட் என்று கேட்டது. சனிக்கிழமை மதியம் கதை எழுதச் சொல்லிக் கொடுக்க ஒரு வகுப்பு வேண்டும் என்று ஜெகதீஸ்வரன் போய் நின்றபோது, அதற்கு எத்தனை மார்க் என்றுதான் முதலில் விசாரித்தார். மார்க்கே கிடையாது என்றதும், ஆழமாகப் போட்ட குழியில் வெறும் புகை வந்ததைப் பார்த்த முகமாகிவிட்டது அவருக்கு. ஆனாலும் ஆண்டு மலரில் பக்கம் நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது. மலருக்கு ஒரு நல்ல கதை வந்தால் வகுப்பு இருக்கும், வராவிட்டால் அந்த நேரம் இயற்பியலுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்.

ஜெகதீஸ்வரனுக்கு அந்த வகுப்பு போய்விடக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வாழ்க்கையில் அப்போதிருந்த கவலை. வீட்டுக் கடன், முழங்கால் வலி எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நின்றன.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த முதல் கதைகள் அவருக்குத் தலையைச் சுற்ற வைத்தன. எல்லாக் கதையிலும் ஏழை மாணவன் ஒருவன் தெருவிளக்கில் படித்து டாக்டரானான். டாக்டராகாதவன் விபத்தில் செத்தான். இரண்டும் ஆகாதவன் கடைசி வரியில் திடுக்கிட்டு விழித்து எல்லாம் கனவு என்று உணர்ந்தான். ஒரே ஒரு திருடன் கதை வந்தது. அந்தத் திருடனும் கழுத்தில் கத்தியை வைத்து, "மன்னிச்சுக்குங்க, நகையைக் கழட்டிக் குடுத்துருங்க" என்று மரியாதையாகக் கேட்டான். பெரியவர்களிடம் அப்படித்தானே சார் பேசணும் என்றாள் எழுதியவள்.

அடுத்த வாரம் சட்டம் போட்டார் ஜெகதீஸ்வரன். இனி யாரும் டாக்டராகக் கூடாது, லாரியில் அடிபடக் கூடாது, தூங்கவே கூடாது. தெரிந்த இடத்தை, தெரிந்த சண்டையை எழுதுங்கள் என்றார். பயம் தெளிவதற்காக, வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்து வரும் இருவரை ஜோடி சேர்த்து, ஒருவர் ஒரு வாரம் எழுத மற்றவர் அடுத்த வாரம் தொடர வேண்டும் என்று தொடர்கதை வைத்தார். அந்தக் கணக்கில் நிலவனுக்கும் பிரவீனாவுக்கும் ஜோடி அமைந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். வயசுக் கூச்சம் என்று நினைத்தார் வாத்தியார். அவர் சேலத்துக்காரர், அந்த வட்டாரத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று அவருக்கு எப்படித் தெரியும்.

பிரவீனா தொடங்கினாள். ஓர் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பாகம் பிரிந்தாலும் கிணறு பொதுவாகவே நின்றது. ஒருநாள் அண்ணன் முறை, ஒருநாள் தம்பி முறை. அண்ணன் முறையன்று கரண்ட் போய்விட்டது. விட்டுப்போன தண்ணீருக்காக மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் அண்ணன் மோட்டார் போட, தம்பி வந்து ஃப்யூஸைப் பிடுங்கி வேலிக்குள் எறிந்துவிட்டான். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

ஜெகதீஸ்வரன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இதுதான் கதை, இதுதான் கதை என்று வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

அடுத்த வாரம் நிலவனின் அத்தியாயம் வந்தது. அண்ணன் போட்டது ஒரு மணி நேரமல்ல, அரை நாள் என்றது அது. அதற்கு அடுத்த வாரம் பிரவீனாவின் அத்தியாயம் நடையையே மாற்றிக்கொண்டது. 'மேற்படி கிணற்றில் சரிபாதி பாத்தியமுள்ள மேற்படி அண்ணன்' என்று தொடங்கி, நான்கு பக்க எல்லையும் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் வந்தது. இரண்டு பேருடைய அப்பாக்களும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இது தெரியாத நம் வாத்தியார், பத்திர நடையைப் புனைகதையில் கொண்டுவந்த புதுமை என்று ஓரத்தில் சிவப்பு மையில் பாராட்டினார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

பாராட்டோடு நின்றிருக்கலாம். கற்றுக்கொடுக்கிற ஆர்வம் யாரை விட்டது. பிரவீனாவின் தாளில், 'தம்பி இவ்வளவு கெட்டவனாக இருந்தால் வாசகர் நம்ப மாட்டார். அவன் பக்கத்து நியாயமும் வேண்டும்' என்று எழுதினார். நிலவனின் அத்தியாயத்தில் அண்ணன் மனைவி வந்தாள், இடுப்பில் கைவைத்து, வரப்பில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி. அந்தப் பாத்திரத்தில் மயங்கிப்போன ஜெகதீஸ்வரன், 'அண்ணன் மனைவி உயிரோட்டமாக இருக்கிறாள். அவளைப் பற்றி இன்னும் நிறைய எழுதவும்' என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தார். நிலவன் வீட்டில் அதை ஆர்டராகவே எடுத்துக்கொண்டார்கள். அவனுடைய அடுத்த தவணையில் முழுக்க அவள்தான்.

தொடர வேண்டிய முறை பிரவீனாவுடையது. சிவப்பு மைக் குறிப்போடு சேர்த்துத் தாள்கள் அவள் வீட்டுக்குப் போயின.

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிவதற்குள் பிரவீனாவின் அப்பா தனசேகர் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, கையில் சுருட்டிய தாள்கள். தாளாளர் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்கூட்டுக்காரியப் பத்தி இன்னும் நெறைய எழுதுன்னு வாத்தியாரு செவப்பு மையில எழுதியிருக்காருங்க. இதுக்குத்தானுங்களா பீஸ் கட்டறோம்?" என்றார்.

ஜெகதீஸ்வரனைக் கூப்பிட்டனுப்பினார்கள். அது கற்பனைப் பாத்திரம்தானே என்று அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, அண்ணன் பள்ளிக்குப் போயிருக்கிறான் என்று கேள்விப்பட்டு நிலவனின் அப்பா சின்னராஜும் பைக்கில் வந்துவிட்டார். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார், தம்பி காலண்டரைப் பார்த்தார். இருவரும் பேசியதெல்லாம் தாளாளரிடம்தான். அவர் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக் களைத்துப்போனார். தானும் மோட்டாரும் கிணறுமாக வளர்ந்தவர் என்பதால், யார் பேரிலும் தப்புச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனவே தப்பு முழுவதும் வாத்தியார் பேரில் விழுந்தது.

வரும் சனிக்கிழமை கதையை முடித்துவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அப்பாமார்கள் வந்து முன்னால் உட்காருவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளே எழுத வேண்டும். அண்ணன் தம்பி ஒன்றுசேர்கிற மாதிரி நல்ல முடிவாக வந்தால் மலரில் போடலாம், வகுப்பும் இருக்கும். தாளாளர் ஜெகதீஸ்வரனைத் தனியாகக் கூப்பிட்டு இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை அழுத்திச் சொன்னார்.

சனிக்கிழமை கடைசி பெஞ்சின் ஒரு கோடியில் தனசேகரும் மறு கோடியில் சின்னராஜும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். தாளாளர் வாசலோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். பிரவீனாவும் நிலவனும் முதல் பெஞ்சில் ஒரே தாளின் மேல் குனிந்தார்கள். முதலில் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் எழுத, அவன் ஏதோ சொல்ல, அவள் அடிக்க, அவன் பேனாவைப் பிடுங்க, இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டன.  ஜெகதீஸ்வரன் சிவப்புப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டுக் கைகட்டி நின்றார்.

பிரவீனா எழுந்து வாசித்தாள்.

'அண்ணனும் தம்பியும் கடைசி வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை. முதலில் அண்ணன் இறந்துபோனார். தம்பி தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு தம்பியும் இறந்துபோனார். பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு மோட்டார் போடத் தெரியாது. காட்டை வீட்டுமனைக்கு சைட் போட்டு விற்றார்கள். கிணறு இருந்த இடத்தில் சைட் சதுரமாக வராததால் மண் கொட்டி மூடினார்கள். அதற்குப் பிறகு அங்கே தண்ணீர்த் தகராறு வரவில்லை. முற்றும்.'

 பிரவீனா தாளை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் வாய் திறந்தவர் தனசேகர். அவர் குரல் திங்கட்கிழமைக் குரலாக இல்லை.

"வாத்தியாரே, அந்த ஒரு எடத்த மட்டும் மாத்தச் சொல்லுங்க. நாஞ் செத்தா அவன் தெருமுனையோட திரும்பிப் போற ஆளில்லீங்க."

மறு கோடியில் சின்னராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று யாரும் நம்பவில்லை.

தாளாளரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். சாவும் மண்ணும் மலரில் வந்தால் பெற்றோர் என்ன நினைப்பார்கள், இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும் என்றார். கெஞ்சவும் செய்தார், இயற்பியலை ஞாபகப்படுத்தவும் செய்தார்.

ஒரு வரிதான். ஜெகதீஸ்வரனே நின்றபடி எழுதிச் சேர்த்துவிடலாம். அவர் அந்தத் தாளைக் கையில் வாங்கினார். பிள்ளைகள் இருவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். இத்தனை மாதத்தில் அந்த அறையில் எழுதப்பட்டவற்றில் பொய்யில்லாத ஒன்று அதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு கை போகவில்லை.

"கதை முடிஞ்சுதுங்க. இனி இதுல நான் ஒரு எழுத்து மாத்த மாட்டேன். முடிவு புடிக்கலீன்னா, ஊட்டுல போயி மாத்திக்குங்க" என்றார். சேலத்துக்காரர் வாயில் அன்றைக்கு வீட்டுக்குப் பதில் அந்த ஊர் 'ஊடு' வந்தது.

மலரில் கதை வரவில்லை. அந்தப் பக்கத்தில் ஒழுக்கம் பற்றித் தாளாளரின் வாழ்த்துரை இரண்டாம் முறையாக வந்தது. சனிக்கிழமை மதியம் இயற்பியலுக்குப் போனது. ஜெகதீஸ்வரனை அதே அறையில் தேர்வுக்குக் காவலாகப் போட்டார்கள். அந்த மதியங்களில் அவர் பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. ஒழுங்காக ஒரு வரி சேர்த்திருக்கலாமே என்று சத்யபிரியா கேட்டபோது, அவர் முழங்காலுக்குத் தைலம் தேடினார்.

கோடை ஏறத் தொடங்கிய ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளையில் நிலவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

"நேத்து ராத்திரி பெரியப்பா எங்கப்பாவுக்கு போன் பண்ணுனாருங்க சார்."

ஜெகதீஸ்வரன் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே வைத்தார். என்ன பேசினார் என்று கேட்டார்.

"கரண்ட் வந்துருச்சு, உன்ற மோட்டாரப் போடுன்னாருங்க."

"அப்பா?"

"செரின்னாருங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் பேசலீங்க. வெச்சுட்டாங்க." நிலவன் கொஞ்சம் யோசித்தான். "ஆனா அப்பா உடனே மோட்டார் போடப் போகலீங்க சார். போனக் கையில வெச்சுட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாருங்க. அம்மாதான் போயிப் போட்டுட்டு வந்துச்சு."